நம் பெயரில் கிடக்கும் பணம்

கடன் ஆளைத் தேடி வரும். வரவை ஆள்தான் தேடிப் போக வேண்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கடைக்காரரின் நோட்டில் நம் பெயர் தப்பாமல் இருக்கும். வட்டிக்குக் கொடுத்தவர் சம்பள நாளன்று ஆபீஸ் வாசலில் நம்மை அடையாளம் கண்டுகொள்வார். ஆனால், நமக்கு வரவேண்டிய பணம் ஒன்று எங்கேனும் ஒரு கணக்கில் கிடந்தால், அது வாய் திறந்து நம்மைக் கூப்பிடுவதில்லை.

நேயர்களே, கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்களுக்கு, யாரும் கோராமல் கிடக்கும் பணம் எப்படி உண்டாயிற்று, அது எங்கே தங்கியது, அதை இன்று எப்படிக் கேட்டு வாங்கலாம் என்பதைப் பார்ப்போம். இது சட்டத்தைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. நம்முடைய வரலாற்றைப் பற்றிய பேச்சுங்கூட. ஏனென்றால், பணம் தவறிப்போன இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால், அங்கெல்லாம் நம் பெயர் தவறிப்போயிருப்பதைக் காண்கிறோம்.

முதலில் கடனின் கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் ‘துண்டு’ என்றொரு சீட்டு இருந்தது. ஒரு தொழிலாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பதை அந்தச் சீட்டு சொல்லும். அந்தக் கடனைத் தீர்க்க ஒப்புக்கொள்ளும் தோட்டத்திற்குத்தான் அவர் போக முடியும். ஆள் எந்த மலைக்குப் போனாலும் கடன் அவரோடு கூடவே போகும். 1921-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றித்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

மலாயாவில் வேறு வழி பிறந்தது. 1907-ஆம் ஆண்டில் தமிழர் குடிநுழைவு நிதி என்ற ஒன்று சட்டப்படி அமைக்கப்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் எல்லாரும், தங்களிடம் நடந்த வேலை நாள்களைக் கணக்கிட்டு இந்த நிதிக்கு வரி கட்டினார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஆள்களைக் கொண்டுவரும் கப்பல் செலவு இந்த நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. ஆகவே, அந்த வழியில் வந்த தொழிலாளி பயணக் கடன் இல்லாமல் கரையேறினார். அதுவரை இருந்த ஒப்பந்தக் கூலி முறை 1910-ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளருக்கு நிறுத்தப்பட்டது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்துக்கொண்டு வரும் முறை ஓங்கி நின்றது.

கேமரன் மலைத் தேயிலை இதற்குப் பின்பு வந்தது. 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைப் பற்றி எழுதிவைத்தார். ஆயினும், 1929-ஆம் ஆண்டில்தான் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலைத் துறையில் பழகிய ஏ. பி. மில்ன் என்பவரைத் துணைகொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலைத் தோட்டமும் தோன்றியது. காட்டை அழித்துச் சரிவில் கன்று நட்டவர்களில் நம் தாத்தாக்களும் இருந்தார்கள்; கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்கள் நம் பாட்டிகள். விடியற்காலைப் பெரட்டில் நின்று பெயர் சொன்னால்தான் அன்றைய நாள் செக்ரோலில் ஏறும். செக்ரோலில் ஏறினால்தான் சம்பளம். ஆக, தோட்டத்து வாழ்வில் பெயரும் பணமும் முதலில் சேர்ந்த இடம் அந்தச் செக்ரோல்தான்.

1938-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் உதவிப்பயணத்தில் தொழிலாளர் மலாயாவுக்கு வருவதைத் தடை செய்தது. கப்பல் செலவுக்காக எழுந்த நிதிக்கு அந்த வேலை குறைந்தது. நிதி மட்டும் நின்றது. 1958-இல் புதிய சட்டப்படி அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாயிற்று. உழைக்க முடியாத முதியவர்களுக்கு இல்லம் நடத்துவது போன்ற நற்பணிகளுக்கு அது பயன்பட்டது. 1999-ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அந்த நிதி கலைக்கப்பட்டு, அதன் சொத்துகள் அரசாங்கத்தைச் சேர்ந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வரியைக் கட்டியவர் முதலாளிதான். ஆனால், கணக்கு எண்ணப்பட்டது நம்மவர் உழைத்த நாள்களைக் கொண்டு. அப்படியிருந்தும் அந்த நிதியில் எந்தத் தொழிலாளியின் பெயரிலும் தனிக்கணக்கு இல்லை. ‘எங்கள் தாத்தா பெயரில் எவ்வளவு இருக்கிறது’ என்று எந்த முகப்பிலும் போய் யாரும் கேட்க முடியாது. பெயர் ஏறாத பணத்தைப் பொதுவில் கேட்கலாம், தீர்மானம் போடலாம். ஒரு குடும்பம் போய்க் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ள முடியாது.

அடுத்தது போர்க்காலம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்டபோது மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு மரணப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் யாருமில்லை. எந்த முகாமில் எந்த நாளில் இறந்தார் என்பதுகூடத் தெரியாமல் பல வீடுகளில் விளக்கேற்றினார்கள். ஊரில் இருந்தவர்கள் சேர்த்து வைத்திருந்த ஜப்பானிய நோட்டும், வாழைமரப் படம் போட்ட அந்த நோட்டு, 1945-இல் வெறும் தாளாயிற்று.

1967 செப்டம்பரில் ஜப்பானும் மலேசியாவும் போர்க்கால நிகழ்ச்சிகள் பற்றி ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதன்படி 25 மில்லியன் வெள்ளி மதிப்புள்ள பொருளுதவி மலேசியாவுக்குக் கிடைத்தது. அது கப்பல்களாக வந்தது. இரண்டு அரசாங்கங்களுக்கிடையே நடந்த தீர்வு அது. இரயில் பாதையில் மாண்டவரின் பெண்டு பிள்ளைகளுடைய பெயர்கள் அதில் இல்லை.

இதே போரில் ஐரோப்பாவில் நடந்ததை இதனோடு வைத்துப் பார்க்கலாம். ஹிட்லரின் ஆட்சிக்குப் பயந்து யூத மக்கள் பலர் சுவிட்சர்லாந்து வங்கிகளில் பணம் போட்டு வைத்தார்கள். அவர்களில் பலர் முகாம்களில் கொல்லப்பட்டார்கள். போர் முடிந்து பிள்ளைகள் வங்கிக்குப் போனபோது, மரணப் பத்திரம் எங்கே என்று கேட்கப்பட்டது. முகாம்கள் மரணப் பத்திரம் கொடுத்தனவா என்ன? ஐம்பது ஆண்டுப் போராட்டத்திற்குப் பிறகு 1997-இல் அசையாக் கணக்குக்காரர்களின் பெயர்ப் பட்டியலைப் பல நாட்டுப் பத்திரிகைகளில் வெளியிட்டார்கள். 1998-இல் அந்த வங்கிகள் 125 கோடி அமெரிக்க டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டன. அங்கே கணக்கும் பெயரும் எஞ்சியிருந்தன. ஆகையால் அரை நூற்றாண்டு கழித்தாவது வழக்கு நின்றது. நம்மவர் விஷயத்தில் பெயரே எஞ்சவில்லை.

இனி, நம் பெயரிலேயே பணம் சேரத் தொடங்கிய காலத்திற்கு வருவோம். 1951-ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 5, முதலாளியின் பங்காக நூற்றுக்கு 5 என்று தொடக்கத்தில் பிடிக்கப்பட்டது. பின்னாளில் இந்த விகிதம் படிப்படியாக உயர்ந்தது. முதுமைக்கென்று ஒரு தொழிலாளியின் பெயரில், ஓர் எண்ணின்கீழ், தனிக்கணக்கு வைக்கும் ஏற்பாடு இது. தோட்டத் தொழிலாளியின் வாழ்வில் இது சிறிய மாற்றமன்று. கங்காணியின் நோட்டிலும் கிராணியின் செக்ரோலிலும் மட்டும் இருந்த பெயர், தோட்டத்துக்கு வெளியே ஒரு பெரிய நிறுவனத்தின் ஏட்டில் ஏறியது. தோட்டம் கைமாறினாலும் அந்த ஏடு கைமாறாது.

ஆனால், ஏட்டில் ஏறிய பெயர் எந்தப் பெயர்? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வீட்டில் கறுப்பாயி என்று கூப்பிடுவார்கள். செக்ரோலில் கிராணி ஆங்கில எழுத்தில் கருப்பாய் என்று எழுதுவார். அடையாள அட்டை எடுக்கப் போன இடத்தில், தமிழ் தெரியாத ஓர் எழுத்தர் காதில் விழுந்தபடி காருப்பாயி என்று எழுதியிருப்பார். ஒரே தோட்டத்தில் மூன்று முனியம்மா இருந்தால், ஒருத்தி பெரிய முனியம்மா, ஒருத்தி சின்ன முனியம்மா. அந்தப் ‘பெரிய’வும் ‘சின்ன’வும் சில ஏடுகளில் பெயரோடு ஒட்டிக்கொண்டன, சில ஏடுகளில் உதிர்ந்துபோயின. தகப்பன் பெயரும் அப்படியே. சிலருக்குத் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வளர்த்த மாமன் பெயர் இருக்கும். லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த குழந்தைக்குச் சூராட் பெரானாக் உரிய நாளில் எடுக்கப்படாமல், பல ஆண்டு கழித்து எடுக்கப்பட்டதும் உண்டு.

பெயர் போக, எண்ணிலும் மாற்றம் நேர்ந்தது. அவசரகாலத்தின்போது 1948-இல் அடையாள அட்டை வந்தது. பிறகு குடியுரிமை பெற்றவருக்கு நீல அட்டை, பெறாதவருக்குச் சிவப்பு அட்டை என்று பிரிந்தது. பழைய அட்டையில் இருந்த எண் வேறு. 1990-க்குப் பிறகு வந்த 12 இலக்க எண் வேறு. 2001 முதல் மைகார்டு வந்தது. பழைய எண்ணில் திறந்த கணக்கைப் புதிய எண்ணோடு சேர்க்காமலே ஒருவர் காலமாகிவிட்டால், அந்தக் கணக்கும் அந்தக் குடும்பமும் தனித்தனியே நின்றுவிடுகின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே சுரைக்காய் உண்மையானதுதான். கொடி யாருடையது என்று காட்டுவதற்குத்தான் தாள் இல்லை.

குடும்பங்கள் சிதறிய காலமும் இதில் சேர்ந்துகொண்டது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் 1968-இல் இயற்றப்பட்டு, 1969-இல் நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அட்டை வைத்திருந்த பல்லாயிரக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். நாட்டை விட்டே போகிறவர் சேமநிதியை எடுத்துக்கொள்ள வழியிருந்தது, எடுத்தவர்களும் உண்டு. ஆனால், அப்படிப் பயணப்பட்ட காலங்களில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஆளில்லாதவரும், வேலை மாறியதால் இரண்டு கணக்கு வைத்திருந்து ஒன்றை மறந்தவரும் வெறுங்கையோடு போக நேர்ந்தால் வியப்பில்லை. இலங்கை மலையகத்திலும் இதே நிலை இருந்தது. அங்கே சேமநிதிச் சட்டம் 1958-இல் வந்தது. ஆறே ஆண்டில், 1964 அக்டோபரில், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. ஓர் ஏட்டில் பெயர் ஏறி முடிவதற்குள் ஆளே வேறு நாட்டுக்காரராகிவிட்ட கதை அது.

சேமநிதி ஒன்று மட்டுந்தானா? இல்லை. நம் வீட்டுத் தகரப்பெட்டியின் அடியில் வேறு தாள்களும் இருக்கக்கூடும்.

தபால் நிலையச் சேமிப்பு வங்கிப் புத்தகம் ஒன்று இருக்கலாம். தபால் நிலையத்தில் அந்தக் கணக்கு இப்போது இல்லையே என்று தூக்கி எறிந்துவிடக் கூடாது. 1974 டிசம்பரில் தேசிய சேமிப்பு வங்கி, அதாவது பேங்க் சிம்பானான் நேஷனல், தோன்றியபோது அந்தச் சேமிப்பு வங்கியின் பொறுப்பு முழுவதும் அதனிடம் வந்தது. ஆகவே, கேட்க வேண்டிய இடம் அந்த வங்கிதான்.

கூட்டுறவுச் சங்கப் பங்குப் பத்திரம் ஒன்று இருக்கலாம். வெள்ளைக்காரர்கள் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, தொழிலாளரே தோட்டம் வாங்க வேண்டும் என்று துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கு. மாதம் 10 வெள்ளி கட்டினால் போதும். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை அந்தப் பத்து வெள்ளிகளே முதன்முதலில் வாங்கின. மாதம் பத்து வெள்ளி என்பது அன்றைய தொழிலாளிக்குச் சிறிய தொகையன்று. அரிசிக் கணக்கில் கைவைத்துக் கட்டிய பணம் அது. அதைக் கட்டியவர் மறைந்திருந்தாலும் பங்கு மறைவதில்லை. வாரிசின் பெயருக்கு மாறக் காத்திருக்கிறது.

1982-இல் தொடங்கப்பட்ட மைக்கா ஹோல்டிங்ஸ் பங்குப் பத்திரமும் சில வீடுகளில் உண்டு. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மலேசிய இந்தியர்கள் அதில் பணம் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்டவர்களும் உண்டு. 2010-இல் பங்கு ஒன்றுக்கு 80 சென் கொடுத்து வாங்கிக்கொள்ள ஒரு நிறுவனம் முன்வந்தது. அந்தப் பணத்தை வாங்கினோமா, இல்லையா, காசோலை பழைய தோட்ட முகவரிக்குப் போயிற்றா என்பதை அந்தந்தக் குடும்பந்தான் விசாரித்துப் பார்க்க வேண்டும். லயம் இடிக்கப்பட்ட பின் அந்த முகவரிக்குப் போன கடிதம் என்ன ஆகும் என்பதை நாம் அறிவோம்.

வேலைநிறுத்தத் தொகையும் ஒரு வகை. தோட்டம் மூடப்பட்டோ, ஆள்குறைப்பிலோ வேலை போனால், 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி இழப்பீடு உண்டு. ஓராண்டு முதல் ஈராண்டுக்குள் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 15 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் 20 நாள். வேலை நின்ற 7 நாளைக்குள் இதைக் கொடுக்க வேண்டும். தோட்டம் கைமாறி, புதிய உரிமையாளர் பழைய நிபந்தனைக்குக் குறையாமல் வேலை கொடுத்தால் இது கிடைக்காது. வேலையில் காயம்பட்டவருக்கும், அதனால் மாண்டவரின் குடும்பத்திற்கும் உதவும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969-இல் வந்தது. நாம் சொக்சோ என்று சொல்லும் நிறுவனம் 1971-இல் தொடங்கியது. சம்பள உடன்பாடு முடிந்து பழைய தேதியிலிருந்து கூட்டிக் கொடுக்கும்போது, இடையில் வேலையை விட்டுப் போனவரின் பாக்கியும் ஆபீஸில் நிற்பதுண்டு.

இப்படி நிற்கும் பணம் கடைசியில் எங்கே போகிறது? அதற்கென்றே 1965-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது: கோரப்படாத பணச் சட்டம். மலாயில் இந்தப் பணத்தை ‘வாங் தாக் டித்துந்துட்’ என்பார்கள். முகப்பில் போய்க் கேட்கும்போது இந்தச் சொல்லைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். கொடுக்க வேண்டிய சம்பளம், இலாப ஈவு, காப்புறுதித் தொகை முதலியவற்றை உரியவர் குறித்த காலம்வரை வாங்கிக்கொள்ளாவிட்டால், நிறுவனம் அதைத் தானே வைத்துக்கொள்ள முடியாது. அரசாங்கத்தின் தலைமைக் கணக்காயர் இலாகாவில் இருக்கும் கோரப்படாத பணப் பதிவாளரிடம் ஒப்படைக்க வேண்டும். ஏழு ஆண்டு அசையாமல் கிடக்கும் வங்கிக் கணக்கும் அங்கேதான் போகிறது.

சேமநிதிக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. உறுப்பினர் 100 வயதை எட்டியும் எடுக்காத சேமநிதிப் பணம் இந்தப் பதிவாளரிடம் மாற்றப்படுகிறது. இதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1951-இல் சேமநிதி தொடங்கியபோது முப்பது வயதாக இருந்தவர் 1921-இல் பிறந்தவர். அவருக்கு 2021-இலேயே நூறு நிறைந்துவிட்டது. ஆக, தேயிலை மலையின் முதல் தலைமுறைக்காரர் யாருடைய பணமேனும் இன்றும் மிஞ்சியிருக்குமானால், அதைச் சேமநிதி அலுவலகத்தில் மட்டும் தேடினால் போதாது. பதிவாளரிடமும் தேட வேண்டும். ‘சேமநிதியில் கேட்டோம், இல்லை என்றுவிட்டார்கள்’ என்று திரும்பிவந்த குடும்பங்கள் இன்னொரு கதவையும் தட்டிப் பார்ப்பது நல்லது.

தட்டுவது எப்படி? இகுமிஸ் என்ற பெயரில் அந்த இலாகா இணையத்தில் ஒரு தேடும் வசதியை வைத்திருக்கிறது. அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து, பெயரில் ஏதேனும் பணம் இருக்கிறதா என்று பார்க்கலாம். பார்ப்பதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளைகள் கைப்பேசியிலேயே செய்துவிடக்கூடிய காரியம் இது. தேடும்போது புதிய எண்ணோடு நிறுத்திவிடாமல் பழைய அட்டை எண்ணையும் கொடுத்துத் தேட வேண்டும். காலமானவரின் எண்ணையும் தேட வேண்டும்.

‘இவ்வளவு பணம் உங்கள் பெயரில் இருக்கிறது, எடுத்துத் தருகிறேன், பாதி எனக்கு’ என்று சொல்லி வருகிறவர்களைக் குறித்து எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நாமே பார்த்துக்கொள்ளக்கூடியதைப் பார்த்துச் சொன்னதற்காகப் பாதியை இழப்பது அறிவாகாது. அடையாள அட்டையையோ வங்கி அட்டையையோ முன்பின் தெரியாதவரிடம் கொடுத்தால், இருப்பதும் போய்விடும். கடிதம் எழுதத் தெரியாத காலத்தில் இடையில் ஒருவர் தேவைப்பட்டார். இன்று தோட்டத்துப் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் எழுத்தர்களாகவும் இருக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கிறது.

உயிரோடிருப்பவர் தம் பணத்தைத் தாமே கேட்டு வாங்குவது எளிது. காலமானவர் பணத்தை வாங்குவதற்குத்தான் தாள்கள் பல வேண்டும்: மரணப் பத்திரம், திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம். கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்ட திருமணங்கள் தோட்டத்தில் நிறைய உண்டு. அப்படிப்பட்ட மனைவி, கணவரோடு நாற்பது ஆண்டு ஒரே லயத்தில் வாழ்ந்திருந்தாலும், அந்த நாற்பது ஆண்டையும் முகப்பில் ஒரு தாளால் காட்டச் சொல்வார்கள். பெயர் இரண்டு விதமாக இருந்தால், இரண்டும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் எழுதி, அதற்குரிய ஆணையர் முன் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம்.

காலமானவர் ஒரு சிறு மனைநிலமாவது விட்டுப் போயிருந்தால், 1955-ஆம் ஆண்டின் சிற்றுடைமைப் பங்கீட்டுச் சட்டப்படி, அந்த நிலம் இருக்கும் மாவட்டத்தின் நில அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். கேமரன் மலையில் அது தானா ராத்தாவில் இருக்கிறது. நிலம் இல்லை, பணமும் பங்கும் மட்டுந்தான் என்றால், அமானா ராயாவிடம் போகலாம். பெரிய வழக்குமன்றச் செலவில்லாமல் முடியும் காரியங்களும் இருக்கின்றன என்பதை அறியாமலே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

இந்த அலைச்சல் அத்தனையையும் குறைக்க ஒரு வழி இருக்கிறது. சேமநிதியில் வாரிசை நியமித்து வைப்பது அது. ‘பெனாமா’ போடுவது என்று நம்மவர் சொல்வார்கள். முஸ்லிம் அல்லாத உறுப்பினர் நியமித்த வாரிசுக்கு அந்தப் பணம் நேராகச் சேரும். முஸ்லிம் உறுப்பினர் நியமித்தவர், சமயச் சட்டப்படி மற்ற வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர் ஆவார். திருமணத்திற்கு முன் தாயின் பெயரைக் கொடுத்தவர், திருமணமாகி, தாயும் காலமான பிறகும் அதைப் புதுப்பிக்காமல் விட்டால், மனைவி மக்கள் அலைய நேரிடும். குழந்தை பிறந்தால் பெயர் வைக்க நாள் பார்க்கிறோம். அந்தப் பெயரைச் சேமநிதியில் சேர்க்கவும் ஒரு நாள் பார்க்கலாம்.

இன்று கேமரன் மலைச் சரிவுகளில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். நம் பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். 2025 அக்டோபர் மாதச் சம்பளம் முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சேமநிதி கட்டாயமாயிற்று: தொழிலாளி நூற்றுக்கு 2, முதலாளி நூற்றுக்கு 2. 1951-இல் நம் பாட்டியின் பெயர் ஓர் அந்நிய எழுத்தில் ஏறியதைப் போல, இன்று ஒரு வங்காளப் பெயரும் ஒரு நேபாளப் பெயரும் ஏறிக்கொண்டிருக்கின்றன. அவர்களும் ஒருநாள் ஊர் திரும்புவார்கள். அவர்களோடு லயத்தில் அண்டை வீட்டாராக இருப்பவர்கள், ‘உன் பெயரைச் சரியாக எழுதினார்களா? போகும்போது மறக்காமல் எடுத்துக்கொள்’ என்று ஒரு வார்த்தை சொல்லலாம். நம் முன்னோருக்கு அப்படிச் சொல்ல ஆளிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

தேடினால் எல்லாருக்கும் பணம் கிடைக்கும் என்று நாம் சொல்லவில்லை. பல பெட்டிகளில் தாள் இருக்கும், பணம் இராது. பல ஏடுகளில் இருப்பது சில வெள்ளிகளாக இருக்கலாம். ஆனால், தேடுவதால் கிடைக்கும் வேறொன்று உண்டு. தாத்தா எந்த ஆண்டு எந்தத் தோட்டத்தில் பெயர் பதிந்தார், பாட்டியின் பெயரை எப்படி எழுதினார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதெல்லாம் அந்தத் தாள்களில்தான் இருக்கின்றன. தோட்டத்து லயங்கள் இடிந்த பிறகு நம் குடும்ப வரலாற்றுக்கு அவையே சாட்சி.

சட்டங்கள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. கேட்பதற்கான கெடுவும் மாறக்கூடும். ஆகவே, நாளைக்கு என்று தள்ளிப் போட வேண்டாம். வரும் விடுமுறை நாளில் வீட்டுப் பெரியவரை உட்காரவைத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறப்போம். முதல் பக்கத்தில் அவருடைய பெயர், அது எழுதப்பட்ட விதங்கள் அத்தனையும், பழைய எண், புதிய எண், வேலை செய்த தோட்டங்கள், ஆண்டுகள். அடுத்த பக்கத்தில் வங்கி, சேமநிதி, சொக்சோ, கூட்டுறவு, காப்புறுதி. கடன்காரர் நமக்காக வைத்திருந்த நோட்டைப் போல, இது நம் வரவுக்காக நாமே வைத்துக்கொள்ளும் நோட்டு. அவர் நினைவு தெளிவாக இருக்கும்போதே அதை எழுதிவிடுவோம்.